வேணிக்குக் கதை வராத வருஷங்கள்

எழுத்தாளர் என்று ஒருவரைக் கூப்பிட அவர் குறைந்தது இத்தனை கதை எழுதியிருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால் வேணிக்கு நாலு வருஷத் தொல்லை மிச்சமாகியிருக்கும்.

அவள் எழுதியது ஒரே ஒரு கதை. விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிற்றிதழில் அது வெளியானது. அடுத்த இதழோடு அந்தப் பத்திரிகையே நின்றுபோனது. அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் சத்தியம் செய்தார். கதை நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. சுமாராக இருந்திருந்தால் ஊர் மறந்திருக்கும்.

திண்டிவனத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் இப்ராஹிம் ஷா என்கிற பத்திர எழுத்தரின் கடை இருக்கிறது. அவர் கோட்டக்குப்பத்துக்காரர், தினமும் பைக்கில் வந்து போகிறார். வேணி அங்கே கம்ப்யூட்டரில் பத்திரம் தட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. கிரயம், அடமானம், தானம், விடுதலை என்று எந்தப் பத்திரமானாலும் பாய் பாதி சொல்லும்போதே மீதியை அடித்து முடித்திருப்பாள். இத்தனை பேருடைய நிலத்தை அளந்து எழுதிய கைக்குச் சொந்தமாக ஒரு கதை எழுத வரவில்லை என்றால் அந்த எரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

எரிச்சலை வளர்க்க விழுப்புரத்தில் ஓர் ஆள் இருந்தார். அன்புச்செல்வன், தமிழாசிரியர். மாதம் ஒரு ஞாயிறு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இலக்கியக் கூட்டம் போடுவார். அவருடைய அழைப்பிதழில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘நன்றியுரை: எழுத்தாளர் வேணி.’ மைக்செட்காரருக்கும் டீ கொடுத்தவருக்கும் நன்றி சொல்ல எழுத்தாளர் எதற்கு? ஆனாலும் அவள் போவாள். போனால் கூட்டம் முடிந்து படியிறங்கும்வரை நாலு பேராவது நிறுத்திக் கேட்பார்கள், இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று. “ஒண்ணு போய்க்கினு இருக்குதுங்க” என்பாள். எதுவும் போய்க்கொண்டிருக்கவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தன்னையே ஓர் அறை விடலாம்போல இருக்கும்.

எழுதாமல் இல்லை. உட்கார்ந்து பார்க்காத நாளும் இல்லை. சிக்கல் வேறு மாதிரி. வாயைத் திறந்தால் நன்றாகக் கதை சொல்கிறவள், எழுத ஆரம்பித்தால் பத்திரம்தான் வரும். ஒரு பெண் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள் என்று எழுத நினைத்தால், ‘மேற்படி நபர் தன் சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் மேற்படி வீட்டை விட்டு வெளியேறியவர்’ என்று விழும். ஒரு காதல் காட்சியில் அந்தப் பையன் அந்தப் பெண்ணிடம், ‘இதில் பின்னிட்டு யாதொரு ஆட்சேபணையும் இல்லை’ என்று சொல்லிவிட்டான். படித்துப் பார்த்தபோது வேணிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கடற்கரைக்குப் போய் உட்காருங்கள் என்றார் ஒருவர். நிறையப் படியுங்கள் என்றார் இன்னொருவர். படிப்பதையே கொஞ்ச நாளைக்கு விடுங்கள் என்றார் மூன்றாமவர். அவள் புருஷன் ரஞ்சித் குட்டியானை என்கிற சரக்கு வண்டி ஓட்டுகிறவன், நல்ல மனசுக்காரன். அவன் ஒரு மேசையை வாங்கி வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டான். அதோடு விட்டிருக்கலாம். வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் எல்லாம், “எங்க வூட்டம்மா ரைட்டரு” என்று சொல்லி வைத்தான். மேசைமேல் ஒரு வாரத்துக்குள் அயர்ன் பண்ண வேண்டிய துணி ஏறிவிட்டது.

எழுத நினைத்த கதை இல்லாமல் இல்லை, இருந்தது. அவளுடைய அத்தை கோவிந்தம்மாளின் கதை. விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு புன்செய்க் காட்டில் அத்தை வாலிப வயதிலிருந்து கூலிக்குப் போனாள். களை எடுத்தாள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கினாள். அந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் மனை போடுகிறவர்களுக்கு விற்றார். அந்தக் கிரயப் பத்திரத்தைத் தட்டியதே வேணிதான். நான்கு எல்லையும் எழுதினாள், கிணறு எழுதினாள், மரங்களைக்கூட எழுதினாள். அத்தையை எழுத அதில் இடம் இல்லை. அன்றைக்கு மனசில் உட்கார்ந்த கதை அது. நிலத்தில் மனைக்கு எல்லைக் கல் நட வந்த அன்று அத்தை அங்கே போனாள் என்பதுவரை எழுதிவிடுவாள். போய் என்ன செய்தாள் என்ற இடத்தில் கை நின்றுவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆண்டுவிழா அழைப்பிதழ் போனில் வந்தது. இந்த முறை நன்றியுரை வேறு யாருக்கோ போயிருந்தது. நடுவில், தடித்த எழுத்தில்: ‘புதிய சிறுகதை வாசிப்பு: எழுத்தாளர் வேணி.’

வேணி உடனே போன் போட்டாள். “சார், என்னைக் கேக்காம எப்படி சார் போட்டீங்க?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க மேடம்.”

“எங்கிட்ட கதை இல்ல சார்.”

“ரெண்டு மாசம் இருக்குது. எழுதிடுவீங்க மேடம், உங்களுக்கு இன்னா!” என்று சொல்லி அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வேணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ரஞ்சித்திடம் சொன்னாள். “அன்னிக்கு மேடை ஏறுவேன். கதை இருந்தா படிப்பேன். இல்லன்னா, இனிமே என் பேருக்கு முன்னாடி அந்த வார்த்தைய போடாதீங்கன்னு மைக்குல சொல்லிட்டு எறங்கிடுவேன். இந்தப் பொய்ய என்னால சொமக்க முடியல.”

“அப்படியெல்லாம் சொல்லாத வேணி, அசிங்கமா இருக்கும்” என்றான்.

“இப்ப மட்டும் இன்னா, அழகாவா இருக்குது?”

மறுநாள் பாயிடம் கடைச் சாவியைக் கேட்டாள். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்றாள்.

“எதுக்கும்மா?”

“கதை எழுதணும் பாய்.”

பாய் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “பத்திரத்துல தப்பு வராம இருந்தா நீ இன்னா வேணாலும் எழுதிக்கோ. ஏசி மட்டும் போடாத.”

அன்றிலிருந்து வேணி ஒரு விதி வைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் நிரம்பும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நன்றாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை, நிரம்ப வேண்டும். நிரம்பியது. குப்பையாக நிரம்பியது. கல் நடுகிற இடத்தில் அத்தையை அழவிட்டாள், பொய்யாக இருந்தது. மண்ணை வாரித் தூற்றவிட்டாள், சினிமாவாக இருந்தது. ஒருநாள் அத்தை நெடுஞ்சாலையில் நின்று நில உரிமையைப் பற்றி நீளமாகப் பேசினாள். அத்தை வாழ்க்கையில் அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேசியதில்லை. வேணி அதை அழித்துவிட்டு எழுந்து சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு பக்கம் நிரம்பவில்லையே என்று நினைவு வந்து திரும்ப உட்கார்ந்தாள். இப்படியே வாரங்கள் போயின. சோறு இறங்கவில்லை, வீட்டில் யாரைப் பார்த்தாலும் வள்ளென்று விழுந்தாள். மனசு குளிர்ந்தால்தான் எழுத்து வரும் என்று சொன்ன ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பத்திரக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் புதுப் பத்திரம் அடிப்பதில்லை. பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, பேரை மாற்றி, சர்வே எண்ணை மாற்றி, வேறு பேரில் சேமித்துக்கொள்வார்கள். எழுத்துரு, ஓரம், இடைவெளி எல்லாம் அதிலேயே தயாராக இருக்கும். வேணி கதையையும் அப்படித்தான் எழுதினாள், முந்தின நாள் பத்திரத்தைத் திறந்து அதற்குள்ளேயே. முடித்ததும் கதையை மட்டும் வெட்டித் தனியாக எடுத்து வைத்துவிடுவாள்.

ஒருநாள் வெட்ட மறந்தாள். கடை திறந்த வேகத்தில் ஒரு பார்ட்டி வந்துவிட்டது. அம்மணி என்று ஓர் அம்மா, கூடவே அவள் தம்பி. அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். வாரத்துக்கு நாலு வரும். அக்கா தங்கைகள் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், தம்பி வாங்கிக்கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். பதிவு அலுவலகத்தில் டோக்கன் நேரம் நெருங்கிவிட்டது. “ஜல்தி, ஜல்தி” என்று பாய் விரட்ட, வேணி திறந்திருந்த முந்தின நாள் விடுதலைப் பத்திரத்திலேயே பேர்களை மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

கையெழுத்துக்கு முன்னால் பார்ட்டிக்கு நகலைப் படித்துக் காட்டுவது முறை. பாய் அதை ரயில் வேகத்தில் படிப்பார். அர்த்தம் அவர் காதுக்கே போகாது. அன்றும் அப்படித்தான் படித்தார்.

“மேற்படி சொத்தில் எனக்குள்ள பாகத்தை என் தம்பிக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால் இனி மேற்படி சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை கோவிந்தம்மாள் வரப்பில் ஏறி வந்தபோது கல் நடுகிறவர்கள் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள் இந்த நிலத்தில் தன் முதுகு எத்தனை முறை குனிந்தது என்று அவளுக்குத் தெரியாது கூடையை இடுப்பில் வைத்தபடி அவள் நின்று பார்த்தாள்…”

வேணி தாளைப் பிடுங்கக் கையை நீட்டினாள். பாய் அடுத்த வரிக்குப் போய்விட்டுத்தான் நின்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். “யாரும்மா இந்தக் கோவிந்தம்மாள்? எந்த சர்வே நம்பரு?”

“தப்பா பிரிண்ட் ஆயிடிச்சு பாய். குடுங்க, வேற எடுத்துத் தர்றேன்.”

“இரு பாப்பா” என்றாள் அம்மணி. அதுவரை அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “நின்னு பாத்தாளே, அப்பறம் இன்னா பண்ணா?”

“யக்கா, அது வேற யாரோடதோ. டோக்கன் போயிடப் போவுது” என்றான் தம்பி.

“அத சொல்லட்டும்டா. பாப்பா, அப்பறம் இன்னா பண்ணா அவ?”

எத்தனையோ காலையில் நாற்காலியில் உட்கார்ந்து வேணி தன்னையே கேட்ட கேள்வி. இங்கே பதில் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. பாய் முறைக்கிறார், தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறான், இந்த அம்மாவோ நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். வேணிக்கு வந்த கோபத்தில் நடந்தது நடந்தபடி வெளியே வந்துவிட்டது.

“ஒண்ணும் பண்ணலம்மா. மல்லாட்ட பொறுக்கிச்சு. காய் புடுங்கி முடிச்ச காட்டுல மண்ணுக்குள்ள தங்கிப்போனது இருக்கும் இல்ல, கூலிக்கு வந்தவங்க கெளறிப் பொறுக்கிக்கலாம், நெலத்துக்காரரு கேக்க மாட்டாரு. அதுக்குத்தான் கூட எடுத்துக்கினு போச்சு. கல்லு நடறவங்க ‘நகுரும்மா’ன்னாங்க. நகுந்துது. அவங்க கயிறு புடிக்கப் புடிக்க, இது அடுத்த மனைக்கு நகுந்து நகுந்து பொறுக்கிக்கினே போச்சு. கடைசி கல்லும் நட்டுட்டாங்க. ரோட்டுல நின்னு பொடவைய ஒதறிட்டு வூட்டுக்குப் போயிடிச்சு. அவ்ளோதான்.”

அத்தையே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னது இது. இது ஒரு கதையா, இதில் என்ன இருக்கிறது என்றுதான் வேணி இத்தனை நாளும் அதைத் தொடாமல், அழுகையையும் சாபத்தையும் தேடிக்கொண்டிருந்தாள்.

 அம்மணி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “இன்னிக்கு வேணான்டா. எனக்கு ஒரு மாதிரி இருக்குது. இன்னொரு நாளு வர்றேன்.”

தம்பி கத்தினான். பாயைத் திட்டினான், வேணியைத் திட்டினான், கதை எழுதுகிற கடையில் பத்திரம் கொடுத்தது என் தப்பு என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அம்மணி அதற்குள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

“சாவிய வை” என்றார் பாய்.

வேணி மேசைமேல் வைத்தாள்.

“பேஜாரு புடிச்ச வேல பண்ணிட்டியேம்மா. இருவது வருஷக் கடை. என் பேரு இன்னாத்துக்கு ஆவும்?”

வேலை போகவில்லை, சாவி மட்டும்தான் போயிற்று. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் வேணிக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

இனி என்ன, விஷயம் கிடைத்துவிட்டது, கதை மளமளவென்று வந்திருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் எழுதிப் பார்க்காதவர்கள். அடுத்த நாள் வேணி வழக்கமான அந்த நேரத்துக்கே வந்து, கடை பூட்டியிருந்ததால், பஸ் ஸ்டாண்டில் பயணிகள் உட்காரும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் பரீட்சை அட்டை, வெள்ளைத் தாள். எதிரே செஞ்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அத்தை மல்லாட்டை பொறுக்கினாள் என்று எழுதினாள். செத்த வரியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்து, “மனு எழுதறீங்களா? எனக்கும் ஒண்ணு எழுதித் தர முடியுமா?” என்று கேட்டார். முதியோர் உதவித்தொகைக்கு. வேணி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் பக்கத்துக்குத் திரும்பினாள். மனு மட்டும் எத்தனை சுளுவாக வருகிறது!

அந்த ஆத்திரத்தில்தான், வருவது பத்திரத் தமிழ் என்றால் அதுவே வந்து தொலையட்டும் என்று விட்டாள். ‘கிழக்கே தேசிய நெடுஞ்சாலை. மேற்கே ஏரி வாய்க்கால். வடக்கே பெரிய வீட்டார் சவுக்குத் தோப்பு. தெற்கே சுடுகாட்டுப் பாதை. இவற்றின் நடுவே கோவிந்தம்மாள் குனிந்திருந்தாள்.’ எழுதிவிட்டுப் பார்த்தாள். பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அழிக்கவும் தோன்றவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். மழை பெய்த ஒருநாள் டீக்கடை ஓரமாக நின்றபடி எழுதினாள். ஒருநாள் ஒரு வரியை எழுதி எழுதி அடித்ததிலேயே பக்கம் நிரம்பியது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். கதை நகர்ந்தது, அத்தை நகர்ந்த மாதிரி, மனை மனையாக. ஆனால் அத்தை வீட்டுக்குத் திரும்புகிற கடைசிப் பக்கம் மட்டும் வராமல் இழுத்தடித்தது.

ஆண்டுவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்மணி திரும்ப வந்தாள். தம்பியும் வந்தான். இந்த முறை நகலைப் பாய் இரண்டு தடவை சரிபார்த்தார். அவர் படித்து முடிக்கும்வரை அம்மணி எதுவும் கேட்கவில்லை. எதிரே பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலைக் கருவியில் வைத்தாள், கேமராவைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். முடிந்தது.

சாட்சிகளின் ஆதார் நகலை வாங்க வேணி அங்கே போயிருந்தாள். அவளைப் பார்த்ததும் அம்மணி அருகில் வந்தாள்.

“எழுதி முடிச்சிட்டியா பாப்பா?”

“இன்னும் இல்லம்மா.” அதோடு நிறுத்தியிருக்கலாம், வேணியால் முடியவில்லை. “ஏம்மா கையெழுத்து போட்டீங்க? அன்னிக்கு எழுந்து போனீங்களே.”

“போனேன். வூட்டுக்குப் போயி ரொம்ப யோசிச்சேன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா வந்து நிக்க அவன்தான இருக்கான்? பொறந்த வூட்டு வாசப்படிய மிதிக்கணும் இல்ல?” சொல்லிவிட்டு விரலில் ஒட்டியிருந்த பேனா மையைப் புடவையில் துடைத்தாள். “என்னுது ஆயிடிச்சு. உன்னுதுல யாரு பங்கு கேக்கப் போறாங்க? அதையாவது முடி.”

 வேணிக்குக் கெட்ட கோபம் வந்தது. அம்மணிமேல் இல்லை, தம்பிமேல்கூட இல்லை. நாலு வருஷமாக வரவில்லை, வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த தன்மேல். தன்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் எதிரே நிற்கவில்லையே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கடைசிப் பக்கத்தை எழுதினாள். வானம் திறந்து எதுவும் கொட்டவில்லை. வழக்கம்போல அடித்து, எழுதி, அடித்து எழுதினாள். அத்தை வீட்டுக்குப் போய்க் கூடையை இறக்கினாள், பொறுக்கியதை வறுத்தாள், தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள், தனக்கு எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள் என்று முடித்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்குத்தானா இத்தனை பாடு என்று பக்கத்து நாற்காலியைக் குத்தலாம்போலவும் இருந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை, கடை திறந்திருப்பார் என்று ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் படித்தாள். கூடத்தில் எப்போதையும்விடக் கூட்டம்.  முடித்தபோது கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் முடிவு சப்பென்று இருப்பதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது வேணியின் காதில் விழுந்தது. அன்புச்செல்வன் பூரித்துப்போய், எழுத்தாளர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைத் திரும்ப அவளிடம் கொடுத்தார்.

“நாலு வருஷமா என்னை எழுத்தாளர்னு போட்டீங்க சார். அது பொய்” என்றாள் வேணி. “இந்த ரெண்டு மாசம் மட்டும் உண்மை. நாளைக்குக் காலையில நான் உக்காரலன்னா மறுபடியும் பொய்யாயிடும். பேர போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டு, இன்னிக்கு எழுதினியான்னு கேட்டுட்டுப் போடுங்க.”

அவள் கோபமாகத்தான் சொன்னாள். அன்புச்செல்வன் அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். திண்டிவனம் போகும்வரை வேணி அதை நினைத்து நினைத்துக் கொதித்தாள். 

திங்கட்கிழமை காலை அதே பஸ் ஸ்டாண்டில் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். எழுத ஒன்றுமே இல்லை. செஞ்சி பஸ் கிளம்பிப் போனது, அடுத்தது வந்து நின்றது. வேணி சலித்துக்கொண்டே தாளின் மேல் ஓரத்தில் ‘கிழக்கே’ என்று எழுதினாள்.